மூன்றாவது தொட்டியில் ஓர் அந்நியன்

அந்த மீனின் முகம் அவனுக்குப் பழக்கமில்லாத முகம்.

மீனுக்கு ஏது முகம், எல்லாம் ஒரே அச்சுதானே என்று சொல்பவர்கள் ஒரு மீனையும் குஞ்சிலிருந்து வளர்த்திருக்க மாட்டார்கள். மூன்றாவது தொட்டியில் இருந்தவை எல்லாம் அவன் கண்ணெதிரே பொரிந்தவை. எது முண்டியடித்துக்கொண்டு தீனிக்கு வரும், எது கல்லுக்குப் பின்னால் பதுங்கும், எது காரணமே இல்லாமல் அடுத்ததன் வாலைக் கடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இன்று காலை தீனி தூவியதும் எல்லாம் மேலே வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அது மூலையில் ஒதுங்கிக்கொண்டு, மேலிருந்து ஏதோ குப்பை விழுகிறது என்பதுபோலத் தீனியைப் பார்த்தது.

குனிந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். புகைவால்தான். விரல் நீளம், சாம்பல் நிற உடம்பு, அணைந்த திரியிலிருந்து எழும் புகைபோல நீண்டு கலையும் வால். இனத்தில் குழப்பமில்லை. ஆனால் செவுளுக்குப் பின்னால் செதில் உரிந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். வலைத் தழும்பு. இந்தக் கூடத்தில் புழங்குவது மெல்லிய துணிவலை. அது ஒரு செதிலைக்கூடக் கீறாது. இங்கே பிறந்த எந்த மீனும் முரட்டு வலையைப் பார்த்ததே இல்லை.

"யாருடா நீ?" என்றான் மீனிடம்.

அவனை எல்லோரும் போலீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சீருடை போட்டதில்லை, லத்தி தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அழிப்பான் தொலைந்ததற்கு வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்திப் பையைச் சோதித்தவன். தன் கல்யாணத்தன்று ஒரு குடை காணாமல் போனதற்கு மாமனாரையே ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தவன். குடை அவன் கையிலேயே இருந்தது என்பது மாமனார் வீட்டாரின் தரப்பு. அவன் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவனுக்கு வேலை புகைவால் வளர்ப்புக் கூடத்தில். ஏரிக்கரைச் சாலைக்கு இந்தப் பக்கம், பழைய நீரேற்று நிலையம். ஐந்து கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் காற்றுக்குழாய், பின்னால் ஒரு மோட்டார் அறை. புகைவால் இந்த ஒரு ஏரியில் மட்டுமே இருந்த மீன். "இருந்த" என்று எழுதி ஆய்வுக்குழு சென்ற ஆண்டு கையெழுத்துப் போட்டுவிட்டது. ஏரியில் ஒன்றும் மிச்சமில்லை. இந்தத் தொட்டிகளில் இருப்பவைதான் கடைசி.

கொன்றது ஒரு கை அல்ல. தூண்டில் போடுகிறவர்களின் பொழுதுபோக்குக்காக யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பெருவாயன் மீன், குஞ்சுகளை விழுங்கியது. புகைவால் முழங்கால் ஆழத் தண்ணீரில் நாணல் வேரடியில்தான் முட்டையிடும். கோடைதோறும் நகரத்துக் குழாய்கள் அந்த முழங்கால் ஆழத்தை உறிஞ்சிக்கொண்டன. தப்பிய நாணலைக் கூண்டு வளர்ப்புக் கம்பெனி படகு போக வழிவேண்டும் என்று வெட்டியது. இப்போது ஏரியில் வரிசையாக மிதக்கும் வலைக்கூண்டுகள். உள்ளே சந்தைக்குப் போகும் கொழுத்த மீன்கள், அடியில் அவற்றின் கழிவு. யாரை விசாரித்தாலும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அந்த வகையில் போலீஸுக்கு மிகவும் பிடித்த வழக்கு அது.

அந்நியன் விஷயத்தில் அவன் முதலில் சந்தேகப்பட்டது மேடத்தை.

மேடம் மீன் ஆராய்ச்சியாளர், கூடத்துக்குப் பொறுப்பு. கெட்டிக்காரர். அதுதான் அவனுக்கு உறுத்தியது. ஏரியில் இன்னும் புகைவால் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் "அப்புறம் உங்கள் கூடம் எதற்கு?" என்று மேலிடம் கேட்கும். ஆகவே ஏரியில் கிடைத்த மீனைச் சத்தமில்லாமல் தொட்டியில் போட்டு, ஒன்றும் நடக்காதது போல இருக்கிறார். கணக்கு சரியாக வந்தது. அவனுடைய சந்தேகங்களில் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.

அந்த மீனை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. அவனே போட்ட சட்டம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனி வாளி, பிடியில் தனி நிறத்தில் நூல். ஒரு தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு அடுத்ததில் விழக் கூடாது. மறந்துபோய்ச் சிவப்பு நூல் வலையை நீல நூல் தொட்டிக்குக் கொண்டுபோன மேடத்தையே ஒருமுறை கையை நீட்டித் தடுத்திருக்கிறான். ஆனால் துணிவலையில் எடுத்தால் மீனின் பக்கவாட்டைப் பார்க்க முடியாது. காப்பித்தூள் வந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்று கழுவி வைத்திருந்தான். அதில் அந்நியனை மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வலைத் தழும்பேதான். இப்படிப்பட்டவன் தனியாக வந்திருக்க மாட்டான் என்று தோன்றியது. அந்நியனை அதன் தொட்டியில் விட்டான். ஜன்னலையொட்டி இருந்தது ஐந்தாவது தொட்டி. அதில் ஒன்றுக்கு வால் நுனி கிழிந்தாற்போலத் தெரிந்தது. அதையும் மொண்டு பார்த்தான். பழைய ஆள்தான். அதற்குள் வாசலில் மேடத்தின் வண்டிச் சத்தம். பாட்டிலைத் தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, தீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன, எல்லாம் நல்லா இருக்கா?" என்றார் மேடம்.

"இருக்கு மேடம்."

"புதுசா ஏதாவது?"

"புதுசா என்ன இருக்கப்போகுது?"

மேடம் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். அவனும் பார்த்தான்.

*

இரவுச் சாப்பாட்டுக்கு மைத்துனன் வந்திருந்தான். மனைவியின் தம்பி, கல்யாணம் ஆகவில்லை, சமைக்கவும் தெரியாது, ஆகவே வாரத்தில் பாதி நாள் அக்கா வீட்டு மேசையில்தான். கூண்டுக் கம்பெனியில் தீனி போடுகிறவன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் தீனி வாடை போகாது. மனைவி சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். விரல் நுனியில் எப்போதும் சுண்ணக்கட்டித் தூள்.

"மாமா, உங்க பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?" என்றான் மைத்துனன்.

"எந்தப் பிள்ளைங்க?"

"தண்ணிக்குள்ள இருக்கிறவங்க."

"என்ன மாப்ளே, புதுசா அக்கறை? உன் முதலாளி விசாரிச்சுட்டு வரச் சொன்னாரா?"

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் மனைவி. "சாப்பிடுற நேரத்துலயாவது ஸ்டேஷனைப் பூட்டுங்க."

"அக்கா, இன்னும் கொஞ்சம் போடு. வாக்குமூலம் குடுக்கத் தெம்பு வேணும்."

"வாக்குமூலம் குடுக்கிற அளவுக்கு என்ன பண்ணினே?"

"மாமா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சரி, இதைச் சொல்லுங்க. ஏரியில பொறந்த மீனு ஒண்ணு நீங்க போடுற தீனியைத் தின்னுமா?"

மேசைக்கு அடியில் யாரோ யாரையோ மிதித்தார்கள். மைத்துனனின் முகம் ஒரு நொடி சுளித்து நேரானது. மனைவி தண்ணீர்ச் செம்பை எடுக்க உள்ளே போனாள். செம்பு மேசை மேலேயே இருந்தது.

போலீஸ் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேள்வி கேட்காமல் இருந்தால்தான் வீட்டில் எல்லோருக்கும் பயம்.

அன்றிலிருந்து மேடத்தின் மேல் இருந்த சந்தேகத்தில் பாதியைப் பிரித்து மைத்துனன் மேல் போட்டான். கூண்டுக் கம்பெனிக்குப் புகைவால் என்றாலே ஆகாது. அந்த மீன் ஏரியில் எந்த மூலையில் இருப்பதாகத் தெரிந்தாலும் அந்த மூலையில் கூண்டு இருக்கக் கூடாது என்பது சட்டம். ஏரியில் மீன் செத்தது போதாதென்று தொட்டியிலும் சாகடிக்க ஆள் அனுப்புகிறார்களோ?

*

கொஞ்ச நாளில் மூன்றாவது தொட்டி மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. சொறி பிடித்த மாடு மரத்தில் தேய்ப்பதுபோலத் தேய்த்தன. பிறகு ஐந்தாவது தொட்டியும். அந்நியன் மட்டும் தேறிவிட்டது; தீனி விழுந்தால் முதல் ஆளாக வந்தது.

மேடம் ஒரு மீனை எடுத்து, ஈரத்துணியில் கிடத்தி, செவுளைத் தூக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வாங்க. நீங்களே பாருங்க."

சிவந்த செவுளில் எள்ளைவிடச் சிறிய கண்ணாடித் துகள்கள் ஒட்டியிருந்தன. துகள்களுக்குக் கால் இருந்தது.

"செவுள்பேன். ரத்தத்தைக் குடிக்கும். கூட்டமா அடைச்சு வளர்க்கிற மீன்கிட்டதான் இது பெருகும். கூண்டு மீன் தாங்கிக்கும். புகைவால் தாங்காது."

"மருந்து?"

"கூண்டுக்காரங்க போடுற மருந்தை இங்க போட்டா பேனுக்கு முன்னாடி மீன் செத்துடும்." மேடம் கையைத் துடைத்தார். "நம்ம தண்ணி ஆழ்குழாய்த் தண்ணி. ஏரித் தண்ணி உள்ள வர வழியே இல்ல. அப்ப இது எப்படி வந்துச்சு?"

அவன் பார்வை மூன்றாவது தொட்டிக்குப் போய்த் திரும்பியது.

"திங்கக்கிழமை தலைமை அலுவலகத்துல இருந்து அதிகாரி வர்றாரு. எந்த வழியா வந்துச்சு, எந்தத் தொட்டியைத் தொட்டுச்சுன்னு நம்மால சொல்ல முடிஞ்சா, அதை மட்டும் அழிச்சுட்டு மத்ததைக் காப்பாத்தலாம். சொல்ல முடியலைன்னா விதி ஒண்ணுதான். கூடத்துல இருக்கிற எல்லாத்தையும் அழிக்கணும்."

"எல்லாத்தையும்னா?"

"அஞ்சு தொட்டியையும். அதுக்கு அப்புறம் இந்த மீன் படத்துல மட்டும்தான்."

போலீஸ் ஐந்து தொட்டியையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இப்போதாவது அந்நியனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கப் போனான். மேடம் முந்திக்கொண்டார்.

"உங்க வீட்டுல ஒருத்தர் கூண்டுல வேலை பார்க்கிறார் இல்ல?"

"மச்சினன். இந்த வாசப்படியை மிதிச்சதில்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"கேட்டீங்களே."

"ஆமா, கேட்டேன்."

வாயை மூடிக்கொண்டான். பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறார், கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

*

வெள்ளிக்கிழமை காலை மேடத்தின் காதில் விழும்படி, மதிய இடைவேளையில் கடைத்தெருவுக்குக் காற்றுக்குழாய் வாங்கப் போவதாகச் சொன்னான். முதல் நாள் ராத்திரி வீட்டிலும் அதையே சொல்லியிருந்தான். இரண்டு வலை விரித்தாயிற்று. எதில் யார் விழுகிறார்கள் என்று பார்க்க வேண்டியதுதான். மதிய மணி அடித்ததும் கூடத்தைப் பூட்டி, சைக்கிளைச் சுவருக்குப் பின்னால் சாத்திவிட்டு, பின்வழியாக மோட்டார் அறைக்குள் புகுந்தான். உள்ளே எண்ணெய்ப் புழுக்கம். கதவிடுக்கு வழியே கூடத்தின் முன்கதவு தெரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்காமல் பார்த்தான்.

பூட்டு திறந்தது. உடைக்கவில்லை, நெம்பவில்லை, சாவி போட்டுத் திறந்தார்கள். சாவி மேடத்திடம் உண்டு. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

உள்ளே வந்தது அவன் மனைவி.

கையில் மூடி போட்ட பால் தூக்கு. கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. அக்கம்பக்கம் பார்த்தாள், மூன்றாவது தொட்டி அருகே போனாள், மூடியைத் திறந்தாள்.

"ஊத்தாதே!"

அவள் துள்ளிய துள்ளலில் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. தூக்கை மட்டும் விடவில்லை.

"ஐயோ, உயிரே போச்சு! மனுஷனா நீங்க? எலி மாதிரி உள்ள உக்காந்துகிட்டு!"

"சாவி ஏது?"

"உங்க சட்டைப் பையில இருந்து எடுத்து ஒரு நகல் அடிச்சேன்."

"என் சட்டையிலயே கையை விட்டியா?"

"துவைக்கிறது யாரு? கையை விடாம எப்படித் துவைக்கிறது?"

தூக்குக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் தண்ணீரில் ஒரு புகைவால், வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதற்கும் தழும்பு.

"உன் தம்பிதானே?"

"தம்பிதான். கூண்டு வலையில வந்து மாட்டுதாம். முதலாளி என்ன சொல்லி வச்சிருக்கார் தெரியுமா? இந்த மீன் கண்ணுல பட்டா, செத்த மீன் கொட்டுற சுண்ணாம்புக் குழியில போட்டுட்டு வாயைத் தைச்சுக்கணும். வெளியில தெரிஞ்சா கூண்டை எடுக்கச் சொல்லிடுவாங்க, எல்லாருக்கும் வேலை போயிடும். அதனால எவனும் மூச்சு விடுறதில்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? அவனை உக்கார வச்சு 'யார்கிட்ட விக்கப் பார்த்தே, உனக்கென்ன லாபம்'னு குடைவீங்க."

"நான் அப்படியா..."

"அவன் முதல்ல விக்கத்தான் பார்த்தான், அது வேற விஷயம்."

"பார்த்தியா!"

"பார்த்தேன். காதைத் திருகினேன். அப்புறம்தான் குடுத்தான். இதே மீனு இருக்கிற தொட்டியிலயே கொண்டுபோய் விட்டா யாருக்கு என்ன நஷ்டம்னு நான்தான் எடுத்துட்டு வந்தேன். ஒண்ணு முன்னாடி விட்டேன். இது ரெண்டாவது."

"நீ விட்டது மீன் மட்டும் இல்லடி. அதோட செவுள்ல பேனையும் சேர்த்து விட்டே."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தூக்கை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவங்க சொல்றது எல்லாம் கேட்டுச்சு," என்றது வாசலில் ஒரு குரல். மேடம். "கடைத்தெருவுக்குப் போறேன்னு சொன்னீங்க. சைக்கிள் பின்னாடி நிக்குது. அதான் திரும்பி வந்தேன்."

"என்னைக் கண்காணிச்சீங்களா?"

"வலைத் தழும்பு மீனை நான் முதல் வாரமே பார்த்துட்டேன். நீங்க வந்து சொல்வீங்கன்னு காத்திருந்தேன்."

"நான் நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன்."

"ரெண்டு பேரும் நல்லாக் காத்திருந்தீங்க," என்றாள் மனைவி. "நடுவுல பேன் குடும்பம் நடத்திடுச்சு."

மேடம் சிரிக்கவில்லை. "எந்தெந்தத் தொட்டியில விட்டீங்கம்மா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இது ஒண்ணுலதான். கதவுப் பக்கம் இருக்கு, ஊத்திட்டு ஓடிடலாம்னு."

"அஞ்சாவதுல?"

"அந்தப் பக்கம் போனதே இல்ல."

"அஞ்சாவதுலயும் பேன் இருக்கு. அப்ப, ஒண்ணு நீங்க பொய் சொல்றீங்க. இல்ல, எனக்குத் தெரியாத வேற வழி இருக்கு. எதுவா இருந்தாலும் மத்த தொட்டி சுத்தம்னு என்னால கையெழுத்துப் போட முடியாது. எல்லாத்தையும் அழிக்கணும்."

போலீஸ் மனைவியின் பக்கம் திரும்பினான். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது: உண்மையைச் சொல்லு. இருபது வருஷக் குடித்தனத்தில் அதை எத்தனை முறை சொல்லியிருப்பான் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "கேளுங்க, கேட்டுத் தொலைங்க" என்ற பார்வை.

அப்போதுதான் கை ஞாபகப்படுத்தியது. பாட்டிலின் குளிர்ந்த கழுத்து. ஜன்னல் வெளிச்சம். கிழிந்த வால் இருக்கிறதா என்று குனிந்த குனிவு.

பேசாமல் இருக்கலாம். பழி அவள் மேலேயே நிற்கும்; அவளுக்கு இங்கே வேலை இல்லை, போக ஒன்றும் இல்லை. ஆனால் பேசாமல் இருந்தால் ஐந்து தொட்டியும் போகும்.

"அஞ்சாவது நான்தான்," என்றான்.

இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

"புது மீனை ஒரு பாட்டில்ல எடுத்துப் பார்த்தேன். அதே பாட்டிலை அஞ்சாவதுலயும் விட்டேன். வேற யாராவது ஒளிஞ்சிருக்காங்களான்னு." ஐந்தாவது தொட்டியைக் காட்டினான். "வலைக்குத்தான் நூல் கட்டியிருந்தேன். பாட்டிலுக்குக் கட்டல."

"ஒண்ணு, ரெண்டு, நாலு?"

"தொடல. நாலாவதையும் பார்க்கணும்னுதான் இருந்தேன். உங்க வண்டிச் சத்தம் கேட்டுச்சு. பாட்டிலை ஒளிச்சு வச்சுட்டேன்."

"இதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் எப்படி நம்புறது?"

ஊரில் எல்லோரிடமும் அவன் கேட்கிற கேள்வி. அவனிடம் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியாது.

"நம்ப வேண்டாம்," என்றான் கடைசியில். "செவுளைத் தூக்கிப் பாருங்க. அந்த மூணு தொட்டியிலயும், அதிகாரி வர்ற வரைக்கும் தினமும். ஒரு பேன் இருந்தாலும் நானே கிராம்பெண்ணெயை ஊத்தி எல்லாத்தையும் முடிக்கிறேன்."

மேடம் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மூணையும் அஞ்சையும் இன்னைக்கே முடிக்கணும்," என்றார்.

கிராம்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்தால் மீன் முதலில் தள்ளாடும், பிறகு பக்கவாட்டில் சாயும், பிறகு செவுள் நிற்கும். மேடம் செய்வதாகச் சொன்னார். அவன் விடவில்லை. கூடம் முழுவதும் பல்வலி மருந்து வாடை அடித்தது. தீனி என்று நினைத்து எல்லாம் மேலே வந்தன. அந்நியன்தான் முதலில் வந்தது. அதற்கும் அதே எண்ணெய்தான். பால் தூக்கில் வந்ததை மேடம் தனி வாளியில் வைத்துப் பார்த்தார்; அது அன்று மாலையே செத்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். மூன்று தொட்டியிலும் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. போலீஸுக்கு எச்சரிக்கை ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். மனைவி சொன்னது உண்மைதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவளிடம் அதைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

*

ஏரியில் புகைவால் இருக்கிறது என்பதற்கு இனி ஒரே சாட்சி மைத்துனன். செத்த மீனைக் காட்டினால், தொட்டியில் செத்ததைக் கொண்டுவந்து ஏமாற்றுகிறீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஏரியில், மேடத்தின் கண்ணெதிரே பிடிக்க வேண்டும். எந்த மூலையில் என்று மைத்துனனுக்குத்தான் தெரியும். அவனோ சாப்பிட வருவதை நிறுத்தியிருந்தான்.

ஒருநாள் காலை கரைக்கு வந்து நின்றான். "நான் சாப்பிடுற கடைக்கே அக்கா வந்துட்டா. எல்லார் முன்னாடியும் காதைத் தொட்டா. திருகல, தொட்டா. வந்துட்டேன்."

படகில் மேடம் நடுவில், போலீஸ் பின்னால், மைத்துனன் துடுப்போடு முன்னால். கூண்டு வரிசைக்குப் பக்கவாட்டில் போனார்கள். கூண்டுகளுக்குள் மீன்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தன. ஒரு சின்ன வளைவில் மைத்துனன் படகை நிறுத்தினான்.

"இங்கதான்."

மேடம் பொறிக்கூடையை இறக்கினார். காத்திருந்தார்கள். கூடை வெறுமையாக வந்தது. மறுபடி இறக்கினார். மறுபடியும் வெறுமை.

போலீஸ் கரையைப் பார்த்தான். ஒரு நாணல்கூட இல்லை. சுத்தமான மணல். மைத்துனனின் முதுகைப் பார்த்தான். அந்த முதுகு அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்திருந்தது.

"முதலாளி உன்னைக் கூப்பிட்டுப் பேசினாரா?"

"யாரு சொன்னது?"

"உன் முதுகு."

மைத்துனன் துடுப்பால் தண்ணீரை அளைந்தான். "தோள்ல கை போட்டுப் பேசினாரு. என்னை மேற்பார்வைக்குப் போடப்போறாராம். இதுவரைக்கும் அந்தாளு என் பேரைக்கூடச் சரியாச் சொன்னதில்ல."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போலீஸ் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மாமா, நான் சொல்றதை நீங்க நம்பல, இல்ல?"

"இல்ல."

"ஒரு துளிகூட?"

"ஒரு துளிகூட."

"அதுவாவது நேரா இருக்கு. அந்தாளு என்னை நம்புறேன் நம்புறேன்னே சொல்லிட்டு இருந்தாரு." துடுப்பைத் தூக்கினான். "இங்க இல்ல. கடைசிக் கூண்டுக்கு அடுத்தாப்ல, அந்தப் பக்கம்."

கடைசிக் கூண்டுக்கும் கரைக்கும் இடையே படகு நுழைய முடியாத சேறு. அதனாலேயே அங்கே கொஞ்சம் நாணல் தப்பியிருந்தது. மேடம் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கூடையை வேர்களுக்கு நடுவே வைத்தார். இந்த முறை தூக்கியபோது கூடைக்குள் சாம்பல் நிறமாக ஏதோ உதறிக்கொண்டது. இரண்டு புகைவால். ஒன்றுக்கு வயிறு சினையால் புடைத்திருந்தது. மேடம் மூச்சுவிடாமல் செவுளைத் தூக்கினார். பேன் இருந்தது. மீனுக்கும் உயிர் இருந்தது. படம் எடுத்தார், இடத்தைக் குறித்துக்கொண்டார், இரண்டையும் வேரடியிலேயே விட்டார்.

"கூண்டை எடுத்தா பேன் குறையும்," என்றார். "குறைஞ்சா இதுங்க பிழைக்கலாம். பிழைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"எனக்கு வேலை போச்சா?" என்றான் மைத்துனன்.

"போச்சு," என்றான் போலீஸ்.

"சாப்பாடு?"

"அது உங்க அக்கா இலாகா."

படகைத் திருப்பினார்கள். போலீஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு மைத்துனனைப் பார்த்தான்.

"மாப்ளே, வேற எங்கயாவது மாட்டிச்சா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா மாமா?"

"மாட்டே."

மைத்துனன் பின்னால் திரும்பி அவனை முறைத்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். துடுப்பை ஒரு பக்கமாக அழுத்தி, கரைக்குப் போய்க்கொண்டிருந்த படகை எதிர்க்கரைப் பக்கமாகத் திருப்பினான்.